நிகழ்வுத் தூண்டி (மேகக் கணிமை)

மேகக் கணிமையில் நிகழ்வுத் தூண்டி என்பது, ஒரு சேவையில் ஏற்படும் மாற்றத்தை அறிந்து, அதற்குரிய பணிப்பாய்வை மனிதத் தலையீடின்றித் தொடங்கி வைக்கும் அமைப்பு ஆகும். சேமிப்பகத்தில் ஒரு கோப்பு வந்து சேர்வது, தரவுத்தளத்தில் ஒரு பதிவு மாறுவது, ஒரு கட்டணம் செலுத்தப்படுவது முதலிய ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு எனப்படும். எந்த நிகழ்வு எந்தப் பணிப்பாய்வைத் தொடங்க வேண்டும், எந்த அனுமதியுடன் தொடங்க வேண்டும், தொடங்க இயலாதபோது என்ன செய்ய வேண்டும் என்பவற்றைக் கோப்புகளில் நிரலாக எழுதி வைப்பது தூண்டி அமைவாக்கம் எனப்படுகிறது.

வழக்கமான நிரல் ஒன்றில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் பிழைச் செய்தி தோன்றும். தூண்டியில் நேரும் பிழை அவ்வாறு வெளிப்படுவதில்லை. எந்த விதியுடனும் பொருந்தாத நிகழ்வு ஓசையின்றி மறைந்து விடுகிறது. தேவைக்கு மேல் பொருந்தும் விதியோ ஒரே பணியை மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே இத்தகைய அமைப்புகளில் பணியைச் செய்யும் நிரலுக்கு அளிக்கும் கவனத்தை அதைத் தொடங்கும் விதிக்கும் அளிப்பது இன்றியமையாதது.

இக்கட்டுரை அமேசான் வலைச் சேவைகளின் ஈவன்ட்பிரிட்ஜ், ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் ஆகிய இரு சேவைகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

தொடக்கத்தில், புதிய கோப்பு வந்துள்ளதா என்பதை அறிய, குறிப்பிட்ட இடைவெளியில் சேமிப்பகத்தைப் பார்த்து வரும் நிரல்களே பயன்பட்டன. யுனிக்சு கணினிகளில் உள்ள கிரான் என்னும் கருவி இதற்குப் பரவலாகப் பயன்பட்டது. இம்முறையில் கோப்பு எதுவும் வராதபோதும் நிரல் இயங்கும். கோப்பு வந்தபின்னும் அடுத்த சுற்று வரை காத்திருக்க நேரும்.

2014 நவம்பரில் அமேசான் அறிவித்த லாம்டா சேவை, நிகழ்வு ஏற்படும் கணத்தில் சிறு நிரல் ஒன்றை இயக்கும் முறையைப் பரவலாக்கியது. 2016 சனவரியில் கிளவுட்வாட்ச் ஈவன்ட்ஸ் என்னும் சேவையும், அதே ஆண்டு திசம்பரில் பல படிகள் கொண்ட பணிகளை ஒருங்கிணைக்கும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவையும் வெளியாயின. கிளவுட்வாட்ச் ஈவன்ட்சின் விரிவாக்கமாக 2019 சூலையில் ஈவன்ட்பிரிட்ஜ் வந்தது. எஸ்3 சேமிப்பகத்தின் நிகழ்வுகளை நேரடியாக ஈவன்ட்பிரிட்ஜுக்கு அனுப்பும் வசதி 2021 நவம்பரில் சேர்க்கப்பட்டது.

உறுப்புகள்

நிகழ்வுவழிப் பணிப்பாய்வு ஒன்றில் பொதுவாகப் பின்வரும் உறுப்புகள் இடம்பெறும்.

- மூலம்: நிகழ்வை வெளியிடும் சேவை அல்லது செயலி.
- நிகழ்வுப் பாட்டை: ஈவன்ட் பஸ் எனப்படும் பொதுவழி. பல மூலங்களின் நிகழ்வுகள் இதன் வழியே செல்கின்றன. ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இயல்பிருப்பாக ஒரு பாட்டை உண்டு.
- விதி: பாட்டையில் செல்லும் நிகழ்வுகளுள் எவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதைக் கூறுவது. இதன் மையமாக விளங்கும் நிபந்தனைத் தொகுப்பு தோரணி எனப்படும்.
- இலக்கு: பிரித்தெடுத்த நிகழ்வு சென்று சேரும் இடம். ஒரு விதிக்கு 5 இலக்குகள் வரை அமைக்கலாம்.
- பணிப்பாய்வு: இலக்காக அமையும் படிமுறை. ஸ்டெப் ஃபங்ஷன்சில் இது ஒரு நிலைப்பொறியாக, ஜேசன் வடிவில் எழுதப்படுகிறது.

ஸ்டெப் ஃபங்ஷன்சில் இரு வகைப் பணிப்பாய்வுகள் உள்ளன. இயல்பு வகை ஓராண்டு வரை இயங்கக்கூடியது. விரைவு வகை 5 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். மிகுந்த எண்ணிக்கையில் வரும் சிறு பணிகளுக்கு இது ஏற்றது.

எடுத்துக்காட்டு

ஒரு நூலகம் பழைய இதழ்களின் பக்கங்களை வருடிப் படங்களாக எஸ்3 சேமிப்பகத்தில் உள்ள ஒரு பக்கெட்டில் இடுவதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு படம் வந்ததும் அதன் தரத்தைச் சோதித்து, எழுத்துணரி மூலம் உரையாக மாற்றி, அவ்வுரையைச் சேமித்து, நூற்பட்டியலில் பதிய வேண்டும். இந்நான்கு படிகளும் சேர்ந்து ஒரு பணிப்பாய்வு ஆகும்.

இதற்கு முதலில் அந்தப் பக்கெட்டில் ஈவன்ட்பிரிட்ஜுக்கு நிகழ்வுகளை அனுப்பும் அமைப்பை இயக்க வேண்டும். இது இயல்பிருப்பாக இயக்கத்தில் இருப்பதில்லை. இயக்கிய பின்னரும் நடைமுறைக்கு வர ஏறத்தாழ 5 நிமிடங்கள் ஆகும். உடனே ஒரு கோப்பை இட்டுப் பார்த்து, எதுவும் நிகழவில்லை எனக் கண்டு, சரியாக இருந்த விதியையே மாற்றி விடுவது தொடக்கநிலையில் எளிதில் நேரக்கூடிய தவறாகும்.

அடுத்து விதி எழுதப்படும். அதன் தோரணியைத் தமிழில் பின்வருமாறு சுருக்கிக் காட்டலாம்.

மூலம்: எஸ்3
நிகழ்வு வகை: பொருள் உருவாக்கப்பட்டது
விவரம், பக்கெட்டின் பெயர்: இதழ்ப்பக்கங்கள்
விவரம், பொருளின் பெயர்: "வருடல்/" எனத் தொடங்குவது

நிகழ்வினுள் படம் இருப்பதில்லை. பக்கெட்டின் பெயர், கோப்பின் பெயர், அளவு முதலிய விவரங்களே இருக்கும். பணிப்பாய்வு அவ்விவரங்களைப் பெற்று, படத்தைத் தானே சென்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தோரணி பொருந்தும் முறை

தோரணியின் விதிகள் எளியவை. எனினும் அவற்றின் விளைவுகள் கவனத்திற்குரியவை.

முதலாவதாக, தோரணியில் குறிப்பிட்ட எல்லாப் புலங்களும் நிகழ்விலும் இருந்து பொருந்த வேண்டும். ஒரே புலத்துக்குப் பல மதிப்புகள் தரப்பட்டிருந்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். அதாவது, புலங்களுக்கிடையே "உம்" உறவும், ஒரு புலத்தின் மதிப்புகளுக்கிடையே "அல்லது" உறவும் உள்ளன.

இரண்டாவதாக, தோரணியில் குறிப்பிடாத புலங்கள் கருத்தில் கொள்ளப்படுவதில்லை. ஆகவே ஒரு நிபந்தனையை எழுத மறந்தால் விதி பொருந்தாமல் போவதில்லை. மாறாக, முன்னினும் அதிகமான நிகழ்வுகளுடன் பொருந்தும். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் பக்கெட்டின் பெயரை விட்டுவிட்டால், அக்கணக்கில் அவ்வட்டாரத்தில் நிகழ்வுகளை அனுப்பும் எல்லாப் பக்கெட்டுகளிலும் "வருடல்/" எனத் தொடங்கும் கோப்புகள் யாவும் பணிப்பாய்வைத் தொடங்கும்.

மூன்றாவதாக, பொருத்தம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறானவை. ".ஜேபிஜி" என்னும் பின்னொட்டைச் சிறிய எழுத்தில் மட்டும் குறித்த விதி, அதையே பெரிய எழுத்தில் எழுதும் வருடிப்பொறியின் கோப்புகளைக் கண்டுகொள்ளாது. வேறுபாட்டைப் புறக்கணிக்க வேண்டுமாயின் அதற்குரிய குறியை வெளிப்படையாக எழுத வேண்டும்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளைக் கையாள்வோர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. எஸ்3, ஈவன்ட்பிரிட்ஜ் வழியாக அன்றித் தன் பழைய அறிவிப்பு முறையில் லாம்டாவுக்கு நேரடியாக அனுப்பும் நிகழ்வுகளில், கோப்பின் பெயர் இணைய முகவரிகளில் பயன்படும் விழுக்காட்டுக் குறியீட்டு வடிவில் இருக்கும். அதை மீண்டும் எழுத்துகளாக மாற்றிய பின்னரே கோப்பைத் தேட வேண்டும். இல்லையேல் இருக்கும் கோப்பே இல்லை என்னும் விடை கிடைக்கும்.

அனுமதிகள்

விதி பொருந்தினால் மட்டும் பணிப்பாய்வு தொடங்கி விடுவதில்லை. அதைத் தொடங்கும் அதிகாரம் ஈவன்ட்பிரிட்ஜுக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கென ரோல் எனப்படும் அதிகாரப் பொறுப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, குறிப்பிட்ட நிலைப்பொறியைத் தொடங்கும் அனுமதி மட்டும் அதற்கு அளிக்கப்படுகிறது. இலக்கு லாம்டாவாக இருப்பின், இவ்வனுமதியை லாம்டா நிரலின் கொள்கையிலேயே எழுதலாம்.

வலைப்பக்கம் வழியாக விதியை அமைக்கும்போது இவ்வனுமதிகளை அப்பக்கமே உருவாக்கித் தருகிறது. அதே விதியை நிரலாக எழுதும்போது அனுமதியையும் நிரலாளரே எழுத வேண்டும். வலைப்பக்கத்தில் சரியாக இயங்கிய அமைப்பு நிரலுக்கு மாற்றப்பட்டபின் இயங்காமல் போவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும். பணிப்பாய்வுக்கும் தனியே ஓர் அதிகாரப் பொறுப்பு தேவை. தொடங்குவதற்கான அனுமதியும், தொடங்கிய பின் கோப்பைப் படிப்பதற்கான அனுமதியும் வெவ்வேறானவை.

இரு வகைத் தவறுகள்

தூண்டிகளில் நேரும் தவறுகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் எதுவும் நிகழாது. தோரணியில் ஓர் எழுத்துப் பிழை, இயக்கப்படாத பக்கெட் அமைப்பு, விடுபட்ட அனுமதி ஆகியன இதற்குக் காரணங்கள். எந்த விதியுடனும் பொருந்தாமல் போவது பாட்டையைப் பொறுத்தவரை பிழை அன்று. பெரும்பாலான நிகழ்வுகள் அவ்வாறே கடந்து செல்கின்றன. எனவே இதற்கு எச்சரிக்கை எழுவதில்லை. எடுத்துக்காட்டில் கூறிய நூலகத்தில் பக்கங்கள் வருடப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றின் உரை மட்டும் பட்டியலில் சேராது. வாசகர் ஒருவர் தேடிக் கிடைக்காதபோதுதான் குறை தெரியவரும். இதைத் தவிர்க்க, வந்த கோப்புகளின் எண்ணிக்கையையும் முடிந்த பணிப்பாய்வுகளின் எண்ணிக்கையையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இரண்டாம் வகையில் தேவைக்கு மேல் நிகழும். எழுத்துணரி உருவாக்கிய உரைக்கோப்பை "வருடல்/" எனத் தொடங்கும் பெயரிலேயே அதே பக்கெட்டில் சேமித்தால், அதுவும் ஒரு புதிய நிகழ்வாகும். அந்நிகழ்வு பணிப்பாய்வை மீண்டும் தொடங்கும். அது மற்றொரு கோப்பை எழுதும். இம்முடிவிலாச் சுழல் நிறுத்தப்படும் வரை கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனிப் பக்கெட்டுகளை வைப்பது இதற்குப் பாதுகாப்பான தீர்வு ஆகும். பெயரின் முன்னொட்டால் மட்டும் பிரிப்பது, பின்னாளில் யாரேனும் விதியைத் தளர்த்தினால் பயனற்றுப் போகும்.

சில சுழல்கள் எளிதில் புலப்படுவதில்லை. இயல்பு வகைப் பணிப்பாய்வு ஒன்று தோல்வியுற்றால் அச்செய்தியும் ஒரு நிகழ்வாகப் பாட்டைக்கு வருகிறது. "எந்தப் பணிப்பாய்வு தோல்வியுற்றாலும் அறிவிப்புப் பணிப்பாய்வைத் தொடங்குக" என்று விதி எழுதினால், அறிவிப்புப் பணிப்பாய்வே தோல்வியுறும்போது அது தன்னையே மீண்டும் தொடங்கும். கண்காணிக்க வேண்டிய பணிப்பாய்வுகளைப் பெயர் சுட்டிக் குறிப்பதே இங்கு சரியான முறை. லாம்டா சேவையில், அமேசானின் வரிசைச் சேவை, அறிவிப்புச் சேவை ஆகியவற்றின் வழி ஏற்படும் சுழல்களை ஏறத்தாழ 16 சுற்றுகளில் கண்டு நிறுத்தும் வசதி 2023 சூலையில் சேர்க்கப்பட்டது. எல்லா வகைச் சுழல்களையும் இது தடுப்பதில்லை.

மீண்டும் வரும் நிகழ்வுகள்

ஈவன்ட்பிரிட்ஜ் ஒவ்வொரு நிகழ்வையும் குறைந்தது ஒருமுறை சேர்ப்பதாக உறுதியளிக்கிறது. ஒரே ஒருமுறை மட்டுமே சேர்ப்பதாக அது உறுதியளிப்பதில்லை. நிகழ்வுகள் ஏற்பட்ட வரிசையிலேயே வந்து சேரும் என்னும் உறுதியும் இல்லை. எனவே பணிப்பாய்வு, ஒரே நிகழ்வு இருமுறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்குமாறு எழுதப்பட வேண்டும்.

நூற்பட்டியலில் ஒரு பக்கத்தை இருமுறை பதிவது சிறு குறையே. கட்டணம் வசூலிக்கும் பணிப்பாய்வில் இதுவே இருமுறை வசூலாக முடியும். இதைத் தவிர்க்க, பணியைத் தொடங்குமுன் தரவுத்தளத்தில் ஓர் அடையாளத்தை, "முன்பு இல்லையெனில் மட்டும் எழுதுக" என்னும் நிபந்தனையுடன் பதிவர். நிகழ்வின் அடையாள எண்ணை மட்டும் இதற்குப் பயன்படுத்துவது போதாது. ஒரே படத்தை ஒருவர் இரண்டாம் முறை பதிவேற்றினால் புதிய எண்ணுடன் புதிய நிகழ்வு வரும். கோப்பின் பெயரையும் அதன் உள்ளடக்க அடையாளத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினால் மாறாத படத்தை மீண்டும் செயலாக்க நேராது.

தோல்வியைக் கையாளுதல்

இலக்கை அடைய இயலாதபோது ஈவன்ட்பிரிட்ஜ் இயல்பிருப்பாக 24 மணி நேரம் வரை, 185 முறைகள் வரை மீண்டும் முயல்கிறது. அதன் பின்னும் இயலாவிடில் நிகழ்வு கைவிடப்படும். டெட் லெட்டர் கியூ எனப்படும், சேராத நிகழ்வுகளுக்கான வரிசை ஒன்றை இலக்குடன் இணைத்திருந்தால் அந்நிகழ்வு அங்கே சேமிக்கப்படும். அனுமதி இல்லாமை, இலக்கு நீக்கப்பட்டிருத்தல் போன்ற தவறுகளில் மறுமுயற்சி பயன்தராது; ஆதலால் நிகழ்வு நேரடியாக அவ்வரிசைக்குச் செல்லும். வரிசை இணைக்கப்படாவிடில் நிகழ்வு இழக்கப்படும்.

இம்மறுமுயற்சி பணிப்பாய்வைத் தொடங்குவது வரைக்குமே உரியது. இயல்பு வகைப் பணிப்பாய்வு தொடங்கிய உடனே ஈவன்ட்பிரிட்ஜின் கடமை முடிந்து விடுகிறது. பின்னர் மூன்றாம் படியில் தவறு நேர்ந்தால் அதை அது அறியாது. அத்தவறுகளுக்கு நிலைப்பொறியின் உள்ளேயே மறுமுயற்சியும் மாற்றுவழியும் எழுதப்பட வேண்டும். தோல்வியுற்ற இயல்பு வகைப் பணிப்பாய்வைத் தோற்ற படியிலிருந்தே தொடரும் வசதி 2023 நவம்பரில் வந்தது.

பாட்டையில் செல்லும் நிகழ்வுகளை ஆவணமாகச் சேமித்து, பின்னர் மீண்டும் செலுத்தும் வசதி 2020 நவம்பரில் அறிமுகமானது. பிழையான விதியால் தவறவிடப்பட்ட நிகழ்வுகளை, விதியைத் திருத்தியபின் இவ்வாறு மீட்கலாம். ஆவணம் முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது இயலும்.

நிரலாக எழுதுதல்

அமேசானின் கிளவுட்ஃபார்மேசன் 2011 இலும், ஹாசிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் 2014 இலும் வெளியாயின. இவற்றில் வேண்டிய நிலை மட்டும் விவரிக்கப்படுகிறது. அந்நிலையை அடையும் படிகளைக் கருவியே கண்டறிகிறது. 2019 சூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அமேசானின் சிடிகே, டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் போன்ற பொது நிரல்மொழிகளில் இதே பணியைச் செய்ய உதவுகிறது. ஹாசிகார்ப் 2023 ஆகத்தில் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றியதைத் தொடர்ந்து, அதன் திறமூலக் கிளையாக ஓப்பன்டோஃபு உருவானது.

இவ்வாறு எழுதுவதால் விதி, அனுமதி, சேராத நிகழ்வுகளுக்கான வரிசை, பணிப்பாய்வு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் பதிவாகிறது. மாற்றத்தை நடைமுறைப்படுத்துமுன் அதன் விளைவைப் பட்டியலாகப் பார்க்கலாம். தோரணியில் ஒரு வரி நீக்கப்படுவது அப்பட்டியலில் சிறு மாற்றமாகவே தோன்றும். மேலே கூறியவாறு, அதன் விளைவு பெரிதாக இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு விதிக்கும், பொருந்த வேண்டிய மாதிரி நிகழ்வு ஒன்றும், பொருந்தக் கூடாத மாதிரி நிகழ்வு ஒன்றும் சேர்த்து வைக்கப்படுவது நல்ல வழக்கம். ஒரு நிகழ்வு ஒரு தோரணியுடன் பொருந்துமா எனச் சோதிக்கும் இடைமுகத்தை ஈவன்ட்பிரிட்ஜே வழங்குகிறது. பொருத்தத்தைச் செய்யும் ஈவன்ட் ரூலர் என்னும் ஜாவா நிரலகத்தை அமேசான் 2022 இல் திறமூலமாக வெளியிட்டது.

கருவிகளுக்கும் வரம்புகள் உண்டு. மேற்கூறிய எஸ்3 பழைய அறிவிப்பு முறையில் ஒரு பக்கெட்டுக்கு ஒரே ஓர் அறிவிப்பு அமைப்பு மட்டுமே இருக்க முடியும். டெராஃபார்மில் இரு குழுவினர் ஒரே பக்கெட்டுக்கு இரு அமைப்புகளை எழுதினால், ஒன்று மற்றொன்றை அழித்து எழுதும். ஈவன்ட்பிரிட்ஜ் வழியே செல்லும்போது ஒவ்வொரு குழுவும் தனக்கெனத் தனி விதி எழுதிக்கொள்ளலாம் என்பதால் இச்சிக்கல் எழுவதில்லை.

பிற தளங்கள்

மைக்ரோசாப்டின் அசூர் ஈவன்ட் கிரிட் 2018 சனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் நிகழ்வின் பொருட்பெயர் எவ்வாறு தொடங்குகிறது, எவ்வாறு முடிகிறது என்பவற்றைக் கொண்டு வடிகட்டலாம். இயல்பிருப்பாக 24 மணி நேரத்துக்குள் 30 முறைகள் வரை இது முயல்கிறது.

கூகுளின் ஈவன்ட்டார்க், வொர்க்ஃபுளோஸ் ஆகிய சேவைகள் 2021 சனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. கூகுள் சேமிப்பகத்தின் நேரடி நிகழ்வுகளை இதில் நிகழ்வு வகையும் பக்கெட்டும் கொண்டே வடிகட்ட முடியும். கோப்பின் பெயரைக் கொண்டு பிரிக்க வேண்டுமாயின், அச்சோதனையைப் பணிப்பாய்வின் முதற்படியாக எழுத வேண்டும். எனவே ஒரு தளத்துக்கென எழுதிய தூண்டியைச் சொல்லுக்குச் சொல் மற்றொன்றுக்கு மாற்ற இயலாது.

நிகழ்வின் வெளியமைப்பைத் தளங்களுக்குப் பொதுவாக்கும் நோக்கில் கிளவுட்ஈவன்ட்ஸ் என்னும் வரையறை உருவாக்கப்பட்டது. இதன் 1.0 பதிப்பு 2019 அக்டோபரில் வெளியானது. ஈவன்ட் கிரிட்டும் ஈவன்ட்டார்க்கும் இதனை ஏற்கின்றன. மூலம், வகை, அடையாள எண், நேரம் ஆகிய புலங்களின் பெயர்களை இது ஒருமைப்படுத்துகிறது. எந்த நிகழ்வுக்கு எந்தப் பணி தொடங்க வேண்டும் என்பதை இவ்வரையறை கூறுவதில்லை; அம்முடிவு ஒவ்வோர் அமைப்பின் விதியிலும் தனியே எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.